மையப்புள்ளி என்றால் நடுப்புள்ளி அல்ல

நிலநடுக்கச் செய்தி எதைப் படித்தாலும் "மையப்புள்ளி" என்ற சொல் வந்துவிடுகிறது. அதே சொல் பெருந்தொற்று, வங்கி மோசடி, போராட்டம் பற்றிய செய்திகளிலும் வருகிறது. சிலர் "எபிசென்டர்" என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். நிலவியலில் இதற்கு என்ன பொருள், மற்ற இடங்களில் என்ன பொருள், அப்படி உருவகமாகப் பயன்படுத்துவது தவறா என்பது கேள்வி.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நிலவியலில் மையப்புள்ளி என்பது, பூமிக்குள் நடுக்கம் எங்கே தொடங்கியதோ அந்த இடத்துக்கு நேர் மேலே தரையில் இருக்கும் புள்ளி. பொதுப் பேச்சில் அது ஒரு விஷயம் உச்சத்தில் இருக்கும் இடம். இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டாவதைத் தவறு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டிய காரணம்.

பூமியின் மேலோட்டுப் பாறைகள் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டும் உரசிக்கொண்டும் இருக்கின்றன. உராய்வு அவற்றை நகரவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில், சில இடங்களில் நூற்றாண்டுக் கணக்கில், இறுக்கம் சேர்கிறது. ஒரு நாள் அந்தப் பிடி ஓரிடத்தில் விட்டுப்போகிறது. பாறை சட்டென்று வழுக்குகிறது. அந்த முதல் வழுக்கல் நடந்த இடம் பூமிக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கும். அதைத் தமிழில் கீழ்மையம் என்கிறோம், குவிமையம் என்றும் எழுதுகிறார்கள். கீழ்மையத்திலிருந்து செங்குத்தாக மேலே ஒரு கோடு இழுத்தால் அது தரையைத் தொடும் இடம் மேல்மையம். செய்தித்தாள் மையப்புள்ளி என்று சொல்வது இந்த மேல்மையத்தைத்தான்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மேல்மையத்தில் எதுவும் நடக்கவில்லை. நடந்தது கீழே. மேல்மையம் என்பது வரைபடத்தில் ஒரு முகவரி, அவ்வளவுதான். ஒரு அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. அங்கே போய்ப் பார்த்தால் பள்ளமோ வெடிப்போ இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல நேரங்களில் அது நடுக்கடலில் இருக்கும். இரண்டு, அது தொடங்கிய இடத்தைக் காட்டுகிறது, நடுவை அல்ல. பாறையின் வழுக்கல் ஓரிடத்தில் தொடங்கி, துணி கிழிவதுபோல் பிளவின் வழியே ஓடுகிறது. நொடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். துணியை ஓரத்தில் கடித்துக் கிழிக்கத் தொடங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடித்த இடம்தான் மையப்புள்ளி. கிழிசலின் நடு வேறெங்கோ இருக்கும், துணி மிக மோசமாகக் கந்தலான இடம் இன்னும் வேறெங்கோ இருக்கும்.

2004 டிசம்பர் 26 அன்று நடந்தது இதற்குப் பெரிய உதாரணம். மேல்மையம் சுமத்ராவின் வடமேற்குக் கடலில். கிழிசல் அங்கே தொடங்கி வடக்கு நோக்கி அந்தமான் வரை, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் ஓடியது. ஓடி முடிக்கச் சுமார் 10 நிமிடம் ஆனது. வரைபடத்தில் அதை ஒரு புள்ளியாகக் குத்தி "இங்கே நிலநடுக்கம்" என்று காட்டுவதை நினைத்துப் பாருங்கள். 1,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நிகழ்வுக்கு ஒரு முனையில் வைத்த புள்ளி அது.

நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவது நேபாளத்தை. 2015 ஏப்ரல் 25, நண்பகலுக்குச் சற்று முன். அளவு 7.8. மேல்மையம் கோர்க்கா மாவட்டத்தில், பார்பாக் என்ற மலைக்கிராமத்தின் அருகே, காத்மாண்டுவுக்கு வடமேற்கே சுமார் 80 கிலோமீட்டரில். பார்பாக் தரைமட்டமானது என்பது உண்மை. ஆனால் அதிக உயிர்கள் போனது கோர்க்காவில் அல்ல. கிழிசல் கிழக்கு நோக்கி ஓடியது. காத்மாண்டுவைத் தாண்டி அதற்கும் கிழக்கே இருக்கிற சிந்துபால்சோக் மாவட்டத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நாடு முழுவதும் இறந்தவர்கள் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரு மாவட்டத்தில். மையப்புள்ளி எங்கே என்ற செய்தியை மட்டும் படித்துவிட்டு நிவாரண வண்டியை அனுப்பினால் அது எந்தத் திசையில் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சொல்லின் பொருளைச் சரியாகத் தெரிந்துகொள்வது அகராதிக்காரர்களின் கவலை மட்டும் அல்ல என்று நான் நம்புவதற்கு இதுதான் காரணம்.

தூரமும் ஏமாற்றும். 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையில் மேல்மையம் கொண்ட நடுக்கம், அங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த மெக்சிகோ நகரைச் சாய்த்தது. அந்த நகரின் பெரும்பகுதி பழைய ஏரிப்படுகையின் மேல் நிற்கிறது. ஏரியின் களிமண், தட்டிய கிண்ணத்தில் இருக்கிற கூழ்போல் ஆடியது. ஓர் ஆட்டத்துக்குச் சுமார் இரண்டு நொடி. நடுத்தர உயரக் கட்டடங்களின் இயல்பான ஆட்டமும் ஏறத்தாழ அதே கணக்கில் இருந்ததால், ஊஞ்சலை ஏற்ற நேரத்தில் தள்ளிவிட்டதுபோல் ஆட்டம் ஏறிக்கொண்டே போனது. குட்டையான வீடுகள் பல தப்பின, மிக உயரமான சில கோபுரங்களும் தப்பின. இடைப்பட்டவை விழுந்தன.

ஆழம் அதைவிடவும் ஏமாற்றும். 2013 மே 24 அன்று, ரஷ்யாவின் கிழக்குக் கரையை ஒட்டிய ஓகோட்ஸ்க் கடலுக்கு அடியில் 8.3 அளவில் ஒரு நடுக்கம். நேபாளத்தைவிடப் பெரியது. கீழ்மையம் சுமார் 600 கிலோமீட்டர் ஆழத்தில். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மாஸ்கோவில்கூட மக்கள் அதை உணர்ந்தார்கள். ஆனால் நேர் மேலே பெரிய சேதம் ஏதும் இல்லை. மேல்மையத்தில் நிற்பவருக்கும் கீழ்மையத்துக்கும் நடுவே 600 கிலோமீட்டர் பாறை.

சரி, இந்தப் புள்ளியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இதைத் தெரிந்துகொண்டால் சொல்லின் பொருள் கையில் பிடிபடும். மின்னலையும் இடியையும் நினைத்துக்கொள்ளுங்கள். மின்னல் முதலில் தெரிகிறது, இடி பிறகு கேட்கிறது. இடைவெளி எவ்வளவோ அவ்வளவு தூரத்தில் மழை. நிலநடுக்கத்திலும் இரண்டு அலைகள் கிளம்புகின்றன. பி அலை என்பது பாறையை அழுத்தி விட்டு அழுத்தி விட்டுப் போகிற அலை. மேலோட்டில் அது நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் போகும். எஸ் அலை பாறையைக் குலுக்கிக்கொண்டு போகிற அலை, நொடிக்குச் சுமார் 3.5 கிலோமீட்டர். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கிளம்பினாலும், போகப்போக இரண்டுக்கும் இடையே இடைவெளி கூடிக்கொண்டே போகும். பதிவுக் கருவியில் பி அலை வந்து 30 நொடி கழித்து எஸ் அலை வந்தது என்றால், 30ஐ 8ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அருகில் நடக்கும் நடுக்கங்களுக்கு இந்த எளிய கணக்கு போதும்.

ஆனால் 240 கிலோமீட்டர் எந்தத் திசையில் என்று ஒரு கருவி சொல்லாது. அந்த நிலையத்தைச் சுற்றி 240 கிலோமீட்டரில் ஒரு வட்டம் போடலாம். இன்னொரு நிலையத்திலிருந்து இன்னொரு வட்டம். இரண்டும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். மூன்றாவது வட்டம் அந்த இரண்டில் எது என்று சொல்லிவிடும். காகிதத்தில் கவராயத்தால் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மூன்று வட்டங்களும் ஒரே புள்ளியில் அழகாகச் சந்திக்காது. ஒன்றை ஒன்று கொஞ்சம் ஏறிக்கொண்டு நடுவில் சின்னத் திட்டு ஒன்றை விடும். முதல்முறை போடும்போது கை தவறிவிட்டது என்றுதான் தோன்றும். கணக்கில் கொஞ்சம் பிழை இருக்கலாம், உண்மைதான். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. கருவி அளந்தது மேல்மையத்துக்கான தூரத்தை அல்ல, ஆழத்தில் இருக்கிற கீழ்மையத்துக்கான சாய்வுத் தூரத்தை. அது எப்போதும் தரைத் தூரத்தைவிடக் கூடுதல். வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது அதனால்தான், அந்த ஏற்றத்திலிருந்துதான் ஆழத்தைக் கணக்கிடவும் முடிகிறது. தரையில் ஒரு புள்ளி தேடப் போனவருக்கு, காகிதமே "நீ தேடுவது கீழே இருக்கிறது" என்று சொல்லிக்கொடுக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. இன்றைக்கு இந்த வேலையைக் கணினிகள் நூற்றுக்கணக்கான நிலையங்களின் பதிவுகளை வைத்துச் செய்கின்றன, அடிப்படை இதேதான்.

இதை ஒட்டியே ஒரு தகவல். செய்திகளில் "10 கிலோமீட்டர் ஆழத்தில்" என்று அடிக்கடி பார்த்திருப்பீர்கள். உலகில் இத்தனை நடுக்கங்கள் சொல்லிவைத்ததுபோல் 10 கிலோமீட்டரிலேயே நடப்பதில்லை. ஆழத்தைச் சரியாகக் கணிக்க மேல்மையத்துக்கு அருகில் நிலையம் இருக்க வேண்டும். இல்லாதபோது, ஆழமற்ற நடுக்கம் என்று மட்டும் தெரிந்தால், அமெரிக்க நிலவியல் ஆய்வகம் போன்ற அமைப்புகள் 10 என்று ஒரு எண்ணை நிலையாக வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கணக்கிடுகின்றன. அப்படி வருகிற 10 ஒரு அளவீடு அல்ல, ஒரு இடைக்கால ஏற்பாடு.

இப்போது சொல்லுக்கு வருவோம். எபிசென்டர் கிரேக்க மூலம் கொண்டது. எபி என்றால் மேல். கென்ட்ரான் என்றால் முதலில் மையம் அல்ல. கூரான முனை, மாட்டை ஓட்டும் தார்க்கோலின் முள். பிறகு வட்டம் போடும் கவராயத்தில் அசையாமல் ஊன்றிய முள்ளுக்கு அந்தப் பெயர் வந்தது. அந்த முள் குத்திய இடம் வட்டத்தின் நடு என்பதால் மையம் என்ற பொருள் வந்தது. இந்தக் கென்ட்ரான் வானியல், சோதிடத்தோடு பயணப்பட்டு வடமொழியில் கேந்திரம் ஆகி, அங்கிருந்து தமிழுக்கும் வந்துவிட்டது. ஜாதகத்தில் ஒன்று, நான்கு, ஏழு, பத்தாம் இடங்களைக் கேந்திரம் என்கிறோமே, அதே சொல். ஆக, கேந்திரமும் எபிசென்டரின் பின்பாதியும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

தமிழில் நமக்குக் கிடைத்த மேல்மையம் என்ற சொல் மூலத்தை அப்படியே பிடிக்கிறது: மேல், மையம். வெளிமையம் என்றும் ஒரு வழக்கு உண்டு. இரண்டிலும் "கீழே இன்னொன்று இருக்கிறது" என்ற குறிப்பு உள்ளடங்கியிருக்கிறது. மையப்புள்ளி என்ற செய்தித்தாள் சொல்லில் அந்தக் குறிப்பு கழன்றுவிட்டது. மேலும் இல்லை கீழும் இல்லை, வெறும் நடு. படிப்பவர் மனத்தில் வட்டமும் அதன் நடுவில் ஒரு பொட்டும்தான் எழும். குழப்பத்தின் பாதி இங்கே தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

மறுபாதி ஒரு வினைச்சொல்லிலிருந்து வருகிறது. தமிழில் நிலநடுக்கம் எங்கோ "மையம் கொண்டிருந்தது" என்று எழுதுகிறோம். இதே வினையை நாம் வேறு எதற்குப் பயன்படுத்துகிறோம்? புயலுக்கு. "புயல் வங்கக் கடலில் மையம் கொண்டுள்ளது." காலம் காலமாகக் காதில் விழுந்த தொடர் அது. ஆனால் புயலின் மையம் முற்றிலும் வேறு வகையான மையம். அது உண்மையிலேயே சுழற்சியின் நடுவில் இருக்கிறது. நகர்கிறது. நாள் முழுக்க இருக்கிறது. கரை கடக்கிறது, வலுவிழக்கிறது. நிலநடுக்கத்தின் மையமோ ஒரு நொடியில் குறிக்கப்பட்டு முடிந்த புள்ளி. நகர அதற்குக் கால் இல்லை. இரண்டுக்கும் ஒரே வினையைக் கொடுத்ததால், புயல் மையத்தின் குணங்கள் எல்லாம் நடுக்கத்தின் மையத்துக்கும் உண்டு என்று நம்மை அறியாமல் நினைத்துக்கொள்கிறோம்.

உருவக வழக்கைக் கூர்ந்து பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். 2020 மார்ச் 13 அன்று உலக சுகாதார அமைப்பின் தலைவர், ஐரோப்பா இப்போது பெருந்தொற்றின் மையப்புள்ளி ஆகிவிட்டது என்று அறிவித்தார். மே மாதம் அதே அமைப்பின் மற்றொரு அதிகாரி தென் அமெரிக்காவைப் புதிய மையப்புள்ளி என்றார். அதற்கு முன் வூகான் நகரை எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். மூன்று பயன்பாடுகளிலும் பொருள் ஒன்றா? வூகானைச் சொன்னபோது இரண்டு பொருள் கலந்திருந்தது: நோய் முதலில் தெரிந்ததும் அங்கே, அப்போது கடுமையாக இருந்ததும் அங்கே. ஐரோப்பாவைச் சொன்னபோது தொடக்கம் என்ற பொருள் முழுக்க உதிர்ந்துவிட்டது. இப்போதைக்கு அதிகம் பேர் நோயில் விழும் இடம், அவ்வளவே. நிலவியல் கணக்குப்படி பார்த்தால் ஒரு நடுக்கத்துக்கு மேல்மையம் ஒன்றுதான். அது கண்டம் விட்டுக் கண்டம் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. போகக்கூடியது புயலின் மையம்தான். ஆக, இந்த உருவகம் பெயரை நிலநடுக்கத்திடமும் நடையைப் புயலிடமும் வாங்கிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் தவறுதானே என்று கேட்கலாம். இங்கேதான் நான் முதலில் சொன்ன காரணம் வருகிறது.

1857 டிசம்பர் 16 அன்று தெற்கு இத்தாலியில், அன்றைய நேப்பிள்ஸ் அரசின் பகுதியில், பெரிய நிலநடுக்கம் வந்தது. ராபர்ட் மாலெட் என்ற ஐரிஷ் பொறியாளர் சில வாரங்களில் அங்கே போனார். நிலநடுக்கவியலுக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரை உண்டாக்கியவர் அவர்தான். அவரிடம் பி அலை, எஸ் அலை பதிவு எதுவும் இல்லை. அப்படிப்பட்ட கருவியே அன்று இல்லை. அவரிடம் இருந்தது விழுந்த சுவர்களும், விழாமல் வெடித்து நின்ற சுவர்களும்தான். ஒவ்வொரு ஊரிலும் வெடிப்பு எந்தச் சாய்வில் ஓடுகிறது, தூண் எந்தத் திசையில் விழுந்தது என்று அளந்தார். வெடிப்புக்குச் செங்குத்தாகக் கோடு போட்டால் அது அலை வந்த திசையைக் காட்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கோடுகளைப் பின்னோக்கி நீட்டிக்கொண்டே போய், அவை கூடும் இடத்தைத் தேடினார். நடுக்கம் சுமார் 10 கிலோமீட்டர் ஆழத்தில் பிறந்தது என்றும் கணித்தார். சேதத்தின் அளவை வைத்து ஊர்களை வகைபிரித்து வரைபடத்தில் வளையங்கள் வரைந்தார். உள்வளையத்தில் தரைமட்டமான ஊர்கள், வெளிவளையத்தில் லேசாக உணர்ந்த ஊர்கள். 1862இல் அது நூலாக வந்தது.

அதாவது, கருவிகள் பரவலாவதற்கு முன் மையத்தைத் தேட இருந்த வழி, எங்கே அழிவு அதிகம் என்று பார்த்து அங்கிருந்து உள்ளே போவதுதான். இன்றும் பழங்கால நிலநடுக்கங்களுக்கு அதே முறைதான். கோவில் குறிப்பு, கடிதம், நாட்குறிப்பு, இடிபாடு இவற்றை வைத்து, சேதம் உச்சமாக இருந்த பகுதியின் நடுவை மேல்மையம் என்று கொள்கிறார்கள். எனவே "பாதிப்பு அதிகம் உள்ள இடமே மையப்புள்ளி" என்ற பொதுவழக்கு அறியாமையில் பிறந்தது என்று சொல்ல முடியாது. அது அறிவியலின் பழைய வீடு. அறிவியல் அங்கிருந்து குடிபெயர்ந்துவிட்டது, பொதுமொழி அங்கேயே இருக்கிறது.

அந்தப் பழைய வீட்டில் சில பிழைகளும் நடந்திருக்கின்றன. 1906 ஏப்ரல் 18 சான் பிரான்சிஸ்கோ நடுக்கத்தில், நகருக்கு வடக்கே ஒலேமா என்ற இடத்தின் அருகே நிலம் சுமார் 6 மீட்டர் பக்கவாட்டில் விலகியிருந்தது. வேலிகள் நேர்கோட்டில் வந்து, சட்டென்று முறிந்து, 6 மீட்டர் தள்ளித் தொடர்ந்தன. இவ்வளவு பெரிய விலகல் இருந்ததால் தொடக்கமும் அங்கேதான் என்று வெகுகாலம் நினைத்தார்கள். பிற்காலக் கணக்குகள் மேல்மையத்தை நகருக்குச் சற்று மேற்கே கடலுக்குள் வைக்கின்றன. அதிகம் கிழிந்த இடமும் கிழியத் தொடங்கிய இடமும் வேறுவேறு. ஆனால் அந்த வேலிகளையும் பிளவையும் ஆராய்ந்ததில்தான் ஹாரி ஃபீல்டிங் ரீட் என்ற அமெரிக்க அறிவியலாளர், இறுக்கம் மெல்ல மெல்லச் சேர்ந்து ஒரே வீச்சில் விடுபடுகிறது என்ற கொள்கையை 1910இல் முன்வைத்தார். நிலநடுக்கம் பற்றி நாம் இன்று நம்புவதன் அடிப்படை அதுதான்.

இந்த மேல், கீழ் உறவு தலைகீழாகப் போன இடம் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், இதே சொற்குடும்பம் என்பதால். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு தரையில் வெடிக்கவில்லை, சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அதற்கு நேர் கீழே ஒரு மருத்துவமனை இருந்தது. வெடிப்புக்கு நேர் கீழே தரையில் இருக்கும் அந்தப் புள்ளியைக் குறிக்க, நிலவியலில் கீழ்மையத்துக்கு வழங்கும் ஹைப்போசென்டர் என்ற அதே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நிலநடுக்கத்தில் ஹைப்போசென்டர் என்பது நிகழ்வு நடந்த இடம், ஆழத்தில். குண்டுவெடிப்பில் அது நிகழ்வின் கீழே தரையில் விழுந்த நிழல். ஒரே சொல் இரண்டு துறைகளில் இரண்டு விதமாக நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஹிரோஷிமா பற்றி எழுதும்போது கீழ்மையம் என்று போட்டால், வாசகர் பூமிக்கடியில் எதையோ தேடுவார். வெடிப்புக்கு நேர் கீழான இடம் என்று விரித்து எழுதிவிடுவதே நல்லது.

உருவகம் என்று பார்த்தால் தமிழ் நிலநடுக்கத்திடமிருந்து நிறையவே கடன் வாங்கியிருக்கிறது. பூகம்பத்தில் இருக்கிற கம்பம் நடுக்கம்தான். "கட்சிக்குள் பூகம்பம்" என்று எழுதும்போது யாரும் நிலத்தை நினைப்பதில்லை. அதிர்ச்சியைப் பாருங்கள். அதிர்வதுதான் அதன் மூலப்பொருள். பூமியதிர்ச்சி என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அது மனத்துக்கு வந்த அடி என்றே ஆகிவிட்டது. "அதிர்வலைகளை ஏற்படுத்தியது", "ஆட்சி ஆட்டம் கண்டது", "காலுக்குக் கீழே பூமி நழுவியது" எல்லாம் இந்த வரிசைதான். இவை எல்லாமே உணர்வைச் சொல்கின்றன. மையப்புள்ளி ஒன்றுதான் இடத்தைச் சொல்கிறது. அதனால்தான் அதில் மட்டும் துல்லியம் பற்றிய கேள்வி எழுகிறது. அரசியலில் வந்த பூகம்பம் ரிக்டர் அளவில் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை; மையப்புள்ளி எங்கே என்றால் மட்டும் விரல் நீட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது.

நான் எழுதும்போது என்ன செய்கிறேன் என்று கேட்டால்: தொடக்கத்தைச் சொல்ல வேண்டுமானால் மையப்புள்ளி என்று எழுதுவதில்லை. ஊற்றுக்கண், பிறப்பிடம், தோற்றுவாய் என்று நல்ல சொற்கள் இருக்கின்றன. கடுமை உச்சத்தில் இருக்கிறது என்றால் அதையே சொல்லிவிடுவேன். "தொற்று இப்போது அங்கேதான் உச்சத்தில் இருக்கிறது" என்பதில் யாருக்கும் குழப்பம் வராது. எல்லாம் ஒருவரைச் சுற்றியே நடக்கிறது என்றால் அச்சாணி இருக்கிறது. மையப்புள்ளியை நான் எடுத்து வைத்திருப்பது ஒரே ஒரு நிலைமைக்கு: கண்ணுக்குத் தெரிகிற இடம் ஒன்று, அதற்கு நேர் கீழே கண்ணுக்குத் தெரியாமல் காரணம் கிடக்கிறது என்னும்போது.

2008 நிதி நெருக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 15 அன்று நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது. ஊழியர்கள் அட்டைப்பெட்டியோடு வெளியே வரும் படத்தை உலகமே பார்த்தது. அந்த வாசல் மேல்மையம். கீழ்மையம் அங்கே இல்லை. திருப்பிக் கட்ட வருமானம் இல்லாதவர்களுக்கும் கொடுக்கப்பட்ட வீட்டுக் கடன்களில், அவற்றைக் கட்டுக்கட்டாக்கிப் பத்திரங்களாக விற்றதில், அந்தப் பத்திரங்களுக்கு உயர்ந்த தரச்சான்று கொடுத்ததில் அது இருந்தது. இறுக்கம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது, ஓரிடத்தில் பிடி விட்டது, கிழிசல் வேறு நாடுகள் வரை ஓடியது. அதில் மிக மோசமாக அடிபட்டவர்கள் அந்த வாசலிலிருந்து வெகுதொலைவில் இருந்தவர்கள், ஏரிக் களிமண்ணின் மேல் நின்ற கட்டடங்கள்போல. இப்படி எழுதும்போது நிலவியல் சொல் வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. தன் எடை முழுவதையும் தூக்குகிறது. உருவகத்துக்கு நான் வைக்கும் சோதனையும் இதுதான்: அந்தச் சொல்லின் கீழ்ப்பாதியையும் கூடவே எடுத்துவர முடிகிறதா என்று பார்ப்பேன். முடிந்தால் எழுதுவேன். முடியாவிட்டால், மையம் என்ற எளிய சொல்லே போதும், புள்ளி வேண்டாம்.

செய்தி எழுதுபவர்களுக்கும் ஒரு சின்ன வேண்டுகோள். நிலநடுக்கச் செய்தியில் மேல்மையம் என்று எழுதுங்கள். ஆழத்தையும் சேர்த்து எழுதுங்கள். "மையப்புள்ளியில் பாதிப்பு அதிகம் இருக்கும் என்று அஞ்சப்படுகிறது" என்ற வாக்கியத்தை, உண்மையில் அப்படி யாராவது சொல்லியிருந்தால் ஒழிய, எழுதாதீர்கள். சிந்துபால்சோக் மையப்புள்ளியில் இல்லை.

கடைசியாக, "மையப்புள்ளி நகர்ந்தது" என்று எழுதலாமா? நிலநடுக்கத்துக்குக் கூடவே கூடாது. பின்னதிர்வுகள் வேறு இடங்களில் வருகின்றனவே என்றால், ஒவ்வொரு பின்னதிர்வுக்கும் அதற்கென்று தனி மேல்மையம் உண்டு. நேபாளத்தில் 2015 மே 12 அன்று வந்த 7.3 அளவுப் பின்னதிர்வு, முதல் கிழிசலின் கிழக்கு முனைக்கு அருகே வந்தது. பழைய புள்ளி அங்கே போகவில்லை. அங்கே ஒரு புதிய புள்ளி விழுந்தது. நோய்க்கோ நெருக்கடிக்கோ உருவகமாக எழுதும்போதும் இதே வழியைப் பின்பற்றலாம். "மையப்புள்ளி ஐரோப்பாவுக்கு நகர்ந்தது" என்பதைவிட "ஐரோப்பாவில் புதிய மையப்புள்ளி உருவானது" என்பது சொல்லுக்கும் நேர்மையாக இருக்கும், நடந்ததற்கும் நெருக்கமாக இருக்கும். நகர்வதை மட்டும்தான் சொல்ல வேண்டும் என்றால், அதற்குப் புயல் இருக்கிறது.